சாவி வேண்டாப் பூட்டுகள்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. தனி வளைக்கு ஒரு கதவும், கதவுக்கு ஒரு பூட்டும், பூட்டுக்கு ஒரு சாவியும் வேண்டும் என்பது அண்மைக் காலம் வரை ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாக இருந்தது. இன்று அந்த மூன்றில் சாவி மெல்ல மெல்ல மறைந்து வருகிறது. எண்ணை அழுத்தினால் திறக்கும் கதவு, விரலை வைத்தால் திறக்கும் கதவு, கைப்பேசி அருகே வந்தால் திறக்கும் கதவு எனப் பலவகைப் பூட்டுகள் கடைத் தெருவுக்கு வந்துவிட்டன. சென்னை, கோவை போன்ற நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் மட்டுமன்றிச் சிற்றூர்களில் புதிதாக எழும் வீடுகளிலும் இவற்றைக் காண்கிறோம்.

விளம்பரங்கள் இவற்றை வானளாவப் புகழ்கின்றன. பழைமையில் பற்றுடையோர் இவற்றை அடியோடு வெறுக்கின்றனர். இரு சாராரும் கேட்க மறந்த வினா ஒன்று உண்டு. இப்பூட்டு எப்படி வேலை செய்கிறது, எப்படித் தோற்கிறது என்பதே அது. தோற்கும் வழியை அறியாமல் வாங்கிய பூட்டு, காவலன் வேடமிட்ட விருந்தாளியே ஆகும். வீட்டில் படித்த பிள்ளை என்று நம்மிடம் ஆலோசனை கேட்கப்படும் நாளில் பயன்படும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரை வரையப்படுகிறது.

பூட்டின் கதை

பண்டை எகிப்தியர் மரத்தாலான முளைப் பூட்டுகளைப் பயன்படுத்தினர். மேலிருந்து விழும் சிறு முளைகள் தாழை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும்; பல் வைத்த மரச் சாவி அம்முளைகளைத் தூக்கிவிட்டால் தாழ் நகரும். இன்று நம் சட்டைப் பையில் உள்ள சாவியும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் 1860களில் இதனைச் சிறு உருளைக்குள் அடக்கி, தட்டையான ரம்பப் பல் சாவியை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

நம் நாட்டில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். தமிழகத்தில் பூட்டு என்றாலே திண்டுக்கல்தான். கைவேலையாலேயே புகழ்பெற்ற திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. உள்ளிருக்கும் லீவர் தகடுகளை ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனியே அராவிச் சாவிக்குப் பொருத்துவதே அதன் சிறப்பு.

இலண்டனில் ஜோசப் பிராமா என்பவர் 1784இல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அவரது கடைச் சன்னலில், இதனைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்புடன் ஒரு பூட்டு வைக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் எவரும் அதனைத் திறக்கவில்லை. 1851இல் இலண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்பிரட் ஹாப்ஸ், 16 நாட்களில் பரவலாக ஏறக்குறைய 51 மணி நேரம் முயன்று அதனைத் திறந்துவிட்டார். இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? திறக்க முடியாத பூட்டு என ஒன்று இல்லை. திறக்க எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு ஓசை எழும், எத்தகைய திறமை வேண்டும் என்பவையே ஒரு பூட்டின் உண்மையான மதிப்பு. 51 மணி நேரம் ஒரு திருடன் வாசலில் அமர்ந்திருக்க முடியாதன்றோ!

சாவி எங்கே போயிற்று?

சாவியில்லாப் பூட்டில் சாவி மறைந்துவிடவில்லை, வடிவம் மாறியிருக்கிறது. இரும்பில் வெட்டப்பட்ட பற்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரு செய்தி இருக்கிறது. அச்செய்தி நம் நினைவில் உள்ள எண்ணாகவோ, அட்டையில் பதிந்த குறியீடாகவோ, விரல் ரேகையாகவோ, கைப்பேசி அனுப்பும் அலையாகவோ இருக்கலாம். பூட்டினுள் உள்ள சிறு மின்னணுச் சுற்று அச்செய்தியைத் தன்னிடம் உள்ள பதிவுடன் ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தினால் ஒரு சிறு மோட்டார் சுழன்று தாழை இழுக்கிறது, அல்லது கைப்பிடியைத் தாழுடன் இணைக்கிறது. ஆக, இதில் மூன்று உறுப்புகள் உள்ளன: செய்தியை வாங்கும் பகுதி, முடிவு செய்யும் பகுதி, தாழை அசைக்கும் பகுதி. தாக்குதல் இம்மூன்றில் எதன் மீதும் வரலாம்.

இம்முறை முதலில் பரவியது விடுதிகளில். 1970களில் நார்வே நாட்டவரான டார் சோர்னஸ், துளையிட்ட பிளாஸ்டிக் அட்டையால் திறக்கும் பூட்டை உருவாக்கினார். அந்த அட்டையில் 32 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் துளை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனவே அமையக்கூடிய வகைகள் இரண்டின் 32ஆம் அடுக்கு, அதாவது ஏறக்குறைய 429 கோடி. ஒரு விருந்தினர் அறையைக் காலி செய்ததும் சாவியை மாற்றிவிடலாம் என்பதே அதன் பெரும் பயன். வீட்டுக்கும் இது பொருந்தும். இரும்புச் சாவி தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டும். எண் வெளியானால் எண்ணை மாற்றினால் போதும்.

எண் பூட்டும் எளிய கணக்கும்

நான்கு இலக்க எண்ணில் 10,000 வகைகள் உண்டு. ஓர் எண்ணை அழுத்திப் பார்க்க 5 விநாடி எனக் கொண்டால், எல்லாவற்றையும் முயன்று முடிக்க 50,000 விநாடி, அதாவது 14 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வீட்டார் ஊருக்குச் சென்றிருக்கும் போது இது பெரிய காலமன்று. ஐந்து முறை தவறினால் மூன்று நிமிடம் செயலற்றுவிடும் ஏற்பாடு பூட்டில் இருந்தால், அதே வேலைக்கு ஏறக்குறைய ஐந்து நாட்கள் ஆகும். ஆறு இலக்க எண்ணாயின் ஓராண்டுக்கும் மேல் ஆகும். ஆகவே, தவறான முயற்சிக்குத் தண்டனை விதிக்காத எண் பூட்டை வாங்குதல் கூடாது.

ஆனால் திருடர் கணக்குப் போட்டு வரிசையாக முயல்வதில்லை. மனிதரின் சோம்பலை நம்பியே அவர்கள் முயல்கின்றனர். நிக் பெரி என்னும் ஆய்வாளர் 2012இல், முன்னரே வெளியாகியிருந்த ஏறத்தாழ 34 இலட்சம் நான்கு இலக்க எண்களை ஆராய்ந்தார். நூற்றில் பத்துக்கு மேற்பட்டவை 1234 என்ற ஒரே எண்ணாக இருந்தன! பிறந்த ஆண்டு, திருமண நாள், வாகனத்தின் எண் ஆகியவையும் அவ்வாறே எளிதில் ஊகிக்கத் தக்கவை.

இன்னொரு குறையும் உண்டு. நாள்தோறும் அழுத்தப்படும் பொத்தான்கள் தேய்கின்றன. கண்ணாடிப் பலகையாயின் எண்ணெய்ப் பசை படிகிறது. நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்திருந்தால், நான்கு இலக்க எண் 24 வகைகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இரண்டே நிமிடம் போதும். வியப்பு என்னவெனில், மூன்று பொத்தான்களே தேய்ந்திருந்தால் வகைகள் 36 ஆகக் கூடுகின்றன. ஏனெனில் எந்த எண் இருமுறை வருகிறது என்பதும் திருடனுக்குத் தெரியாது. ஆறு இலக்கங்களும் வெவ்வேறாக இருந்தால் 720 வகை. ஓர் எண் மட்டும் இருமுறை வந்தால் 1,800 வகை. ஆக, ஆறு இலக்கம் கொண்டு, அவற்றுள் ஒன்றை இருமுறை வைத்து, சில திங்களுக்கு ஒருமுறை மாற்றுவதே சிறந்த முறை. உண்மையான எண்ணுக்கு முன்னும் பின்னும் வேண்டாத எண்களைச் சேர்த்து அழுத்த இடம்தரும் பூட்டுகளும் உள்ளன. பக்கத்தில் நின்று பார்ப்பவரை ஏமாற்றவும், தேய்மானத்தைப் பரவலாக்கவும் அது உதவும்.

விரல் ரேகை

விரல் ரேகை இயலுக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைக் கூடம் தோன்றியது. ரேகைகளை வகைப்படுத்தும் ஹென்றி முறை என வழங்கும் முறையை உருவாக்கியதில் அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு இந்தியக் காவல்துறை அலுவலர்க்குப் பெரும் பங்கு உண்டு.

கதவுப் பூட்டில் ரேகையின் முழுப் படம் வைக்கப்படுவதில்லை. கோடுகள் முடியும் இடம், பிரியும் இடம் ஆகியவற்றின் அமைப்பே பதிவாகிறது. ஒளியால் படம் எடுக்கும் வகை ஒன்று. விரலின் மேடு பள்ளங்களுக்கேற்ப மாறும் மின்தேக்குத் திறனை அளக்கும் வகை மற்றொன்று. பின்னதை ஏமாற்றுவது சற்றுக் கடினம். ஆயினும் முடியாததன்று. ஜப்பானியப் பேராசிரியர் மட்சுமோட்டோவும் அவருடைய குழுவினரும் 2002இல் ஜெலட்டினால் செய்த போலி விரல்களைக் கொண்டு பல ரேகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டினர். மேலும், எண் வெளியானால் மாற்றலாம். விரலை மாற்ற இயலாது.

எனினும் நம் ஊரில் ரேகைப் பூட்டின் பெரிய குறை அதுவன்று. கள்ளனை உள்ளே விடுவதைவிட, வீட்டுக்காரரை வெளியே நிறுத்துவதே அடிக்கடி நிகழ்கிறது. சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் உழைத்த கை, பாத்திரம் தேய்த்த கை, முதுமையால் வறண்ட கை ஆகியவற்றில் ரேகை தேய்ந்திருக்கும். நியாய விலைக் கடைகளில் ரேகை பதியாமல் முதியவர்கள் திரும்பத் திரும்ப விரலைத் துடைத்து வைக்கும் காட்சியை நாம் அறிவோம். உழைத்துத் தேய்ந்த விரலை ஒரு கருவி அடையாளம் காணாவிட்டால், குறை அவ்விரலினுடையதன்று. வீட்டில் மூத்த ஒருவர் இருப்பின், வாங்குமுன் கடைக்கு அவரையே அழைத்துச் சென்று அவர் விரலால் சோதித்துப் பார்த்தல் வேண்டும். ரேகையுடன் எண்ணோ அட்டையோ சேர்ந்திருப்பதும் இன்றியமையாதது.

அட்டையும் அலையும்

அட்டைப் பூட்டுகளில் பழைய வகை அட்டைகள், தம் எண்ணை யார் கேட்டாலும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும். மலிவான கருவியால் அவற்றைப் படியெடுக்கலாம். மறைகுறி உடையது எனப் பெயர்பெற்ற மைஃபேர் கிளாசிக் அட்டையின் பாதுகாப்பும் 2008இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் உடைக்கப்பட்டது. உலகெங்கும் விடுதிகளில் உள்ள சாஃப்லாக் வகைப் பூட்டுகளை, ஏதேனும் ஓர் அறை அட்டையிலிருந்து கிடைக்கும் செய்தியைக் கொண்டு செய்த இரு போலி அட்டைகளால் திறக்கலாம் என்பது 2024 மார்ச்சில் வெளியாயிற்று. 131 நாடுகளில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகள் அக்குறைக்கு ஆளாகியிருந்தன.

கைப்பேசியால் திறக்கும் புளூடூத் பூட்டில் வேறொரு சிக்கல். கைப்பேசி அருகில் இருந்தாலே திறக்கும் வகையில், இருவர் கூடிச் செயல்பட்டால் தொலைவில் உள்ள கைப்பேசியின் அலையை வாங்கிக் கதவருகே கடத்த முடியும். 2022இல் ஆய்வாளர்கள் இதனைச் செய்து காட்டினர். ஆதலால் தானே திறக்கும் வசதியை நிறுத்திவிட்டு, நாம் தொட்டால் மட்டுமே திறக்குமாறு அமைப்பதே நன்று.

இணையத்துடன் இணைந்த பூட்டைப் பயணத்திலிருந்தும் திறக்கலாம். அதே வழியில் தொல்லையும் வரலாம். 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்னும் அமெரிக்க நிறுவனம் இணையத்தின் வழியே அனுப்பிய தவறான மென்பொருளால், ஏறக்குறைய 500 பூட்டுகளின் எண்பலகைகள் ஒரே சமயத்தில் செயலிழந்தன. திருடன் யாரும் வரவில்லை; செய்த நிறுவனமே கதவை அடைத்துவிட்டது! எனவே நிறுவனம் மூடப்பட்டாலும், இணையம் அறுந்தாலும், பூட்டு தன்னளவில் இயங்க வேண்டும்.

இங்கே ஒரு பழைய விதியை நினைவுகூர்வது தகும். அகஸ்ட் கெர்க்காப்ஸ் என்னும் அறிஞர் 1883இல், ஒரு மறைகுறி முறையின் அமைப்பு பகைவர் கையில் கிடைத்தாலும் கேடு விளையக் கூடாது, திறவுகோல் மட்டுமே இரகசியமாக இருத்தல் வேண்டும் என்றார். எங்கள் பூட்டின் நுணுக்கம் பரம இரகசியம் என்று பெருமை பேசும் விற்பனையாளரைவிட, எங்கள் பூட்டை ஆய்வாளர்கள் சோதித்தனர், கண்ட குறையைத் திருத்தினோம் என்று சொல்பவரே நம்பத் தக்கவர்.

மறைந்திருக்கும் சாவித் துளை

சாவியில்லாப் பூட்டு எனப்படுபவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒரு மூடியின் அடியில் சாவித் துளை இருக்கும். ஆபத்துக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் மின்னணுப் பகுதிக்குப் பெருஞ்செலவு செய்து, இச்சிறு உருளையை மலிவாகப் போட்டிருந்தால், கள்ளன் எண்ணையும் ரேகையையும் தொடவே மாட்டான். நேரே துளைக்குத்தான் செல்வான். 2018இல் சீனாவின் யோங்காங் நகரில் நடந்த கதவுக் கண்காட்சியில், ஒரு சிறு கருவி எழுப்பிய வலிமை வாய்ந்த மின்காந்தத் துடிப்பால் பல மின்னணுப் பூட்டுகள் நொடிகளில் திறந்துகொண்ட செய்தி அந்நாட்டையே அதிரவைத்தது. சாவி உருளை தரமானதா, மின்காந்தத் தாக்குதலுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டதா என்னும் இரு வினாக்களை விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

கதவும் நிலையும்

பூட்டைவிடக் கதவு வலிமை குறைந்ததாயின் பூட்டால் பயனில்லை. உள்ளே வெற்றிடம் உள்ள மலிவுக் கதவில் விலையுயர்ந்த பூட்டைப் பொருத்துவது, ஓலைக் குடிசைக்கு இரும்புத் தாழ் போடுவது போலாகும். தாழ் நிலைக்குள் ஏறக்குறைய ஓர் அங்குலமாவது நுழைதல் வேண்டும். அதனை ஏற்கும் தகடு நீண்ட திருகாணிகளால் நிலைக்கட்டையின் உட்புறம் வரை இறுக்கப்பட வேண்டும். சாய்ந்த முனையுடைய வில் நாக்கை மெல்லிய தகட்டால் தள்ளிவிடலாம். சதுர முனையுடைய கெட்டித் தாழை அவ்வாறு தள்ள முடியாது. வாங்கும் பூட்டில் கெட்டித் தாழ் இருத்தல் அவசியம்.

மழைக்காலத்தில் மரக் கதவு உப்பும், நிலையில் உராயும். கையால் திருப்பும் தாழை நாம் தோள் கொடுத்துத் தள்ளிவிடுவோம். சிறு மோட்டாரால் அது இயலாது, திணறும், மின்கலம் விரைவில் தீரும். ஆதலால் முதலில் தச்சரை அழைத்துக் கதவைச் சரிசெய்துவிட்டுப் பின்னரே பூட்டைப் பொருத்துதல் வேண்டும். கதவின் கனத்தையும் அளந்துகொண்டு கடைக்குச் செல்க. வெயிலும் மழையும் நேரே படும் வாயில் கதவுக்கு ஐ.பி. 65 போன்ற தூசு, நீர்த் தடுப்புத் தரம் உள்ளதையே தேர்ந்தெடுத்தல் நலம். அதில் முதல் எண் தூசுக்கும், இரண்டாம் எண் நீருக்கும் உரியவை.

மின்சாரம்

மின்வெட்டு வந்தால் என்னாகும் என்பதே பலரும் கேட்கும் முதல் கேள்வி. இப்பூட்டுகள் பெரும்பாலும் நான்கு சிறு மின்கலங்களால் இயங்குவன, ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், ஆக 6 வோல்ட். ஆகவே மின்வெட்டு இவற்றைப் பாதிப்பதில்லை. மின்கலம் தீர்வதற்கு முன் ஒலியும் விளக்கும் எச்சரிக்கும். அதனைப் புறக்கணித்தவர் கதி என்ன? நல்ல பூட்டின் வெளிப்புறத்தில் 9 வோல்ட் மின்கலத்தைத் தொடவைக்கும் இரு முனைகளோ, கைப்பேசி மின்னூட்டக் கம்பியைச் செருகும் துளையோ இருக்கும். சற்று நேரம் உயிர்கொடுத்துக் கதவைத் திறக்கலாம். இவ்வசதி இல்லாத பூட்டை விலக்குக. மறுமுறை மின்னேற்றும் மின்கலங்கள் 1.2 வோல்ட் மட்டுமே தருவதால், தயாரிப்பாளர் அனுமதித்தாலன்றி அவற்றை இடுதல் கூடாது.

உள்ளிருப்போர் உயிர்

பூட்டு என்றதும் வெளியே நிற்கும் கள்ளனையே எண்ணுகிறோம்; உள்ளே இருக்கும் மனிதரை மறந்துவிடுகிறோம். 1911 மார்ச் 25ஆம் நாள் நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியபோது 146 தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம் பெண்கள். வெளியேறும் வாயில்களுள் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. பொருள் களவு போகாமல் காப்பதற்காகப் பூட்டிய கதவு, உயிரை வெளியே விடவில்லை.

ஆகவே எத்தகைய பூட்டாயினும், உள்ளிருந்து திறக்க எண்ணோ, ரேகையோ, கைப்பேசியோ தேவைப்படலாகாது. கைப்பிடியை ஒருமுறை அழுத்தினால் இருட்டிலும் புகையிலும் கதவு திறக்க வேண்டும். வீட்டில் உள்ள மிக மூத்தவரும் மிக இளையவரும் அதனைத் தாமே செய்து பழக வேண்டும்.

இன்னொன்றும் எண்ணத் தக்கது. இப்பூட்டுகள் யார் எப்போது வந்தார், போனார் என்பதைப் பதிவு செய்கின்றன. வேலைக்கு வரும் அம்மாவுக்கு அவர் வரும் வேளையில் மட்டும் செல்லும் தனி எண் தரலாம். சாவி தொலைந்ததா, நகல் எடுத்தாரா என்ற வீண் ஐயத்துக்கு இடமிராது. அது இருவர்க்கும் நன்மையே. ஆனால் பதிவு நடக்கிறது என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். கல்லூரிக்குச் செல்லும் மகளின் ஒவ்வொரு வருகையையும் தந்தையின் கைப்பேசி அறிவித்துக்கொண்டிருந்தால், அது காவலா, கண்காணிப்பா? இதற்கு விடையைப் பூட்டு தராது. அக்குடும்பமே தேட வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. கெட்டித் தாழ் உள்ளதா? நம் கதவின் கனத்துக்குப் பொருந்துமா?
2. தவறான முயற்சிகளுக்குப் பின் செயலற்று நிற்குமா? ஆறு இலக்கம் ஏற்குமா?
3. ரேகை தவிர இன்னொரு வழியிலும் திறக்குமா?
4. மின்கலம் தீர்ந்தால் வெளியிலிருந்து மின்சாரம் தர வழி உண்டா?
5. இணையம் இன்றியும் முழுமையாக இயங்குமா?
6. சாவி உருளை தரமானதா?
7. உள்ளிருந்து ஒரே அசைவில் திறக்குமா?
8. பழுது பார்ப்பவர் நம் ஊரில் உள்ளாரா?

பொருத்திய அன்றே, தொழிற்சாலையில் இட்ட தொடக்க எண்ணை மாற்றிவிடுக. பொருத்த வந்தவர் பதிந்த ரேகை, எண் ஆகியவற்றை அழித்துவிடுக. வேலையை விட்டவர், வீட்டைக் காலி செய்தவர் எண்களையும் உடனே நீக்குக.

முடிவுரை

சாவியில்லாப் பூட்டு மந்திரமும் அன்று, மாயமும் அன்று. நல்ல கதவில், நல்ல தாழுடன், கவனமாகப் பேணப்படும் எண்ணுடன் அது சிறந்த காவலன். அவற்றுள் ஒன்று குறைந்தாலும், திண்டுக்கல் பூட்டே அதைவிட மேல். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதைவிட, வாங்குமுன் எட்டு வினாக்கள் கேட்பது எளிது. பூட்டுக்குள் மோட்டாரும் மின்சுற்றும் புகுந்துவிட்டன. அவற்றைப் பற்றிய அறிவும் வீட்டுக்குள் புகுந்தால்தான் அவ்வீடு காவல் உடையதாகும்.